டர்பன் நகர எலிகளும் ஒட்டுண்ணிகளும்: எந்த வழியாக வருகின்றன, எங்கே மறிப்பது?

ஆய்வக_மேசை

எலியைப் பற்றிப் பேச்செடுத்தாலே இங்கே இரண்டு கேள்விதான் வருகிறது. எந்த மருந்து வைத்தால் சாகும், கடித்தால் என்ன ஊசி போடுவது. இரண்டும் தேவைதான். ஆனால் எலி சுமக்கும் புழுக்களும் மற்ற ஒட்டுண்ணிகளும் கடி வழியாக வருவது மிகக் குறைவு. அதனால்தான் தனி இழை.

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் பிடித்த பழுப்பு எலிகளில் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கன்டோனென்சிஸ், அதாவது எலி நுரையீரல் புழு, இருப்பது 2011இல் அறிவியல் இதழில் வெளியானது. அதன் பிறகு டர்பன் பெருநகர எலிகளின் குடல், ஈரல், ரத்தம் என்று பார்த்த ஆய்வுகளில் இரண்டு வகை ஹைமெனோலெபிஸ் நாடாப்புழு, மோனிலிஃபார்மிஸ் என்ற முள்தலைப் புழு, ஈரலில் முட்டையிடும் கேபிலேரியா, ரத்தத்தில் டிரிப்பனோசோமா லெவிசி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்று வரிசையாகக் கிடைத்தன. டாக்ஸோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும் டர்பன் எலிகளில் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை எலியிடமிருந்து நேரே நமக்கு வருவதில்லை. நடுவில் இன்னொரு உயிர் நிற்கிறது. நுரையீரல் புழுவுக்கு நத்தை, நாடாப்புழுவுக்கு மாவு வண்டு, முள்தலைப் புழுவுக்குக் கரப்பான், டிரிப்பனோசோமாவுக்குத் தெள்ளுப்பூச்சி, டாக்ஸோபிளாஸ்மாவுக்குப் பூனை. எலியை முழுக்க ஒழிப்பது நம் கையில் இல்லை. இந்த நடு ஆளை மறிப்பது நம் சமையலறையிலும் தோட்டத்திலும் நடக்கக்கூடிய வேலை. தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

பீனிக்ஸ்_வேணி

அண்ணா, நத்தை வழியாக வரும் என்றால் நத்தை தின்கிறவர்களுக்குத்தானே? நம் வீடுகளில் யாரும் நத்தை தொடுவதுகூட இல்லை. புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். நமக்கு ஏன் இந்தக் கவலை?

ஆய்வக_மேசை

வேணி, சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆபத்து ஓடுள்ள பெரிய நத்தையைச் சமைத்துத் தின்பதில் மட்டும் இல்லை. கொத்தமல்லிக் கட்டு, புதினா, லெட்டூஸ் இவற்றின் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓடில்லாத குட்டி நத்தை அரிசி அளவுதான் இருக்கும். பச்சைச் சட்னி அரைக்கும்போது அது கண்ணில் படாமலே மிக்ஸியில் போய்விடும். நத்தையை யாரும் தின்னவில்லை, ஆனால் தின்றாகிவிட்டது.

சுழற்சி இப்படி. வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனியில் இருக்கும். பெண் புழு 2 முதல் 3 செ.மீ. நீளம். தமனியைப் பிளந்து பார்த்தால் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியது போலத் தெரியும். சிவப்பு என்பது ரத்தம் நிறைந்த அதன் குடல், வெள்ளை அதைச் சுற்றி ஓடும் கருப்பை. அதைப் பார்த்தால் வேறு புழுவோ என்று சந்தேகம் வராது. அது இடும் முட்டை நுரையீரலிலேயே பொரித்து, முதல் நிலை லார்வா தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எலிப் புழுக்கையில் வெளியே வருகிறது. எலிக்குத் தொற்று ஏற்பட்டு இந்த நிலை வர ஏறக்குறைய ஆறு வாரம்.

புழுக்கையை நத்தை தின்கிறது. நத்தைக்குள் இரண்டு மூன்று வாரத்தில் லார்வா மூன்றாம் நிலைக்கு வருகிறது. தொற்றக்கூடியது இந்த நிலை மட்டும்தான். ஆக, எலிப் புழுக்கையைத் தொட்டதால் நுரையீரல் புழு வராது. அந்த நத்தையை எலி தின்றால் லார்வா மூளைக்குப் போய் வளர்ந்து, பிறகு நுரையீரல் தமனிக்கு இறங்கிச் சுழற்சி முடிகிறது. மனிதன் தின்றாலும் மூளைக்குத்தான் போகிறது. ஆனால் அங்கேயே சிக்கிச் சாகிறது, சாகும்போது மூளையுறையில் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது.

நன்னீர் இறால், நில நண்டு, தவளை, தட்டைப்புழு இவையும் நத்தையைத் தின்று லார்வாவை அப்படியே வைத்திருக்கும். அரைவேக்காட்டு இறால் பழக்கம் உள்ளவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

அடுப்படி_அம்மணி

கீரைப் பக்கத்தை நான் எழுதுகிறேன். இங்கே பெரும்பாலான வீட்டில் கட்டைப் பிரிக்காமல் அப்படியே குழாயில் காட்டி உதறுகிறார்கள். அதில் மேல் இலை மட்டும்தான் நனையும். நத்தை இருப்பது கட்டின் நடுவில், நூல் கட்டிய இடத்துக்குக் கீழே, தண்டோடு தண்டு ஒட்டும் ஈர இடத்தில்.

கட்டை அவிழ்த்து வேரையும் அடியில் மூன்று விரல் அளவு தண்டையும் வெட்டிப் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில், இலையின் அடிப்பக்கம் வெளிச்சத்தில் தெரியும்படி திருப்பித் திருப்பிக் கழுவ வேண்டும். பளபளக்கும் கோடு தெரிந்தால் அந்தத் தண்டு வேண்டாம். லெட்டூஸ், முட்டைக்கோஸ் என்றால் வெளி இலை இரண்டு மூன்றை எடுத்துவிட்டு மற்றதை இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். பாதியாக வெட்டிக் கழுவினால் போதாது. கழுவின தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்தால் அடியில் என்ன விழுந்தது என்று தெரியும்.

உப்புத் தண்ணீர், வினிகர், மஞ்சள் தண்ணீர் என்று ஊறவைப்பவர்கள் உண்டு. உப்பில் சில நத்தைகள் பிடி விட்டு விழும், அவ்வளவுதான் லாபம். லார்வா அதில் சாகும் என்று நம்ப வேண்டாம். ஊறவைத்த தண்ணீரை அப்படியே சாய்த்து வடித்தால் விழுந்தது மறுபடி இலையில் ஒட்டும். இலையை மேலே அள்ளி எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

பதா செய்யும் மாடும்பி (சேம்பு) இலை ஆவியில் வெந்து மறுபடி பொரிபடுகிறது, அதில் பயமில்லை. கீரை மசியல், வதக்கிய சட்னி எல்லாம் சரி. கவனிக்க வேண்டியது அடுப்பைப் பார்க்காதவைதான்: பச்சைப் புதினா சட்னி, கேரட் சம்பல் மேல் தூவும் கொத்தமல்லி, சாலட்.

பீனிக்ஸ்_வேணி

பிரியாணி என்றால் பச்சைப் புதினா சட்னி இல்லாமல் யாரும் சாப்பிட மாட்டார்கள் அக்கா. அதை வதக்கினால் நிறமும் போய்விடும், வாசனையும் போய்விடும். வேறு வழி?

அடுப்படி_அம்மணி

இரண்டு வழி இருக்கு வேணி. ஒன்று, நன்றாகப் பார்த்துக் கழுவின இலையைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுவது. நிறம் நிற்கும், வாசனை கொஞ்சம் குறையும். ஆனால் இது கழுவலுக்கு மேல் ஒரு காப்பு மட்டும்தான். நத்தையாக இருந்தால் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வேண்டும் என்பதுதான் பாதுகாப்பான அளவு, இலையை அவ்வளவு நேரம் கொதிக்க விட முடியாது.

இரண்டாவது, அரைத்த சட்னியை உறையவைப்பது. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே ஒரு முழு நாள் இருந்தால் லார்வா சாகும். பெரிய டப்பாவில் வைத்தால் நடுப்பகுதி உறையவே பல மணி நேரம் எடுக்கும், அதனால் ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். நடுவரை கல்லாக உறைந்த பிறகு 24 மணி நேரம் எண்ணுங்கள். மின்வெட்டு வந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் உள்ள சின்ன ஐஸ் பெட்டி பல வீடுகளில் அந்தக் குளிருக்கு வராது. ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பாருங்கள்.

மருத்துவர்_வடகரை

நோயாளி பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தாமதம் அங்கேதான் நடக்கிறது.

தொற்றிய ஒன்று முதல் மூன்று வாரத்தில் கடுமையான தலைவலி தொடங்கும். கழுத்து இறுகல், வாந்தி. காய்ச்சல் பெரியவர்களுக்குக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம், குழந்தைகளுக்கு அதிகம் வரும். முக்கியமான அடையாளம், தோலில் விசித்திரமான உணர்ச்சி: கூச்சம், எரிச்சல், சட்டை உரசினாலே வலி, அதுவும் இடம் மாறி மாறி. சாதாரண மூளைக்காய்ச்சலில் இது அரிது.

முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. அதில் மொத்த வெள்ளணுக்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஈசினோஃபில் இருந்தால் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். ஆனால் சாயம் போடாமல் எண்ணும் அறையில் மட்டும் பார்த்தால் ஈசினோஃபிலை மற்ற அணுக்களிலிருந்து பிரித்தறிய முடியாது, தப்பிவிடும். கிம்சா சாயம் போடச் சொல்ல வேண்டும். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மூளையுறை அழற்சி என்றதும் காசநோயும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும்தான் முதலில் மனதில் வரும், அது நியாயமும்கூட. அதனால்தான் 'பச்சைக் கீரை, நத்தை, அரைவேக்காட்டு இறால் ஏதாவது உண்டா' என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ரீயூனியன், மயோட் தீவுகளில் குழந்தைகளுக்கே இந்த நோய் பதிவாகியிருக்கிறது. அங்கே உள்ளவற்றைப் போன்ற பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் நம் கரையோரத்திலும் இருக்கின்றன. தரையில் தவழும் குழந்தை எதை வாயில் போடுகிறது என்று பாருங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் வலியையும் அழற்சியையும் அடக்குவதுதான். தண்டு நீரை எடுப்பதே அழுத்தத்தைக் குறைத்துத் தலைவலியைத் தணிக்கும். ஸ்டீராய்டு இரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். அதிகம் பேர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு நிரந்தரச் சேதமும் உயிரிழப்பும் நேரலாம்.

தயவுசெய்து இந்தத் தலைவலியோடு மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். மூளைக்குள் இருக்கும் லார்வாக்கள் ஒரே நேரத்தில் செத்தால் அழற்சி கூடும் என்ற அச்சம் உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பது மருத்துவமனையில், ஸ்டீராய்டு பாதுகாப்போடு எடுக்க வேண்டிய முடிவு.

கோயில்_பணி

ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கு மூட்டை மூட்டையாக மாவு வாங்கி அடுக்குகிறோம். கேழ்வரகு மாவு, மீலி மீல் என்ற மக்காச்சோள மாவு, அரிசி. ஐயா முதலில் மாவு வண்டு என்று எழுதியிருந்தார். மாவில் வண்டு இருந்தால் சலித்துவிட்டுப் பயன்படுத்துவதுதான் எல்லாருக்கும் பழக்கம். அது போதுமா? மிச்சமாகும் மூட்டையை அடுத்த வாரம் வரை எப்படி வைப்பது?

ஆய்வக_மேசை

கூழ் கொதிக்கிறது, அதனால் வார்க்கும் கூழில் பயம் இல்லை. சிக்கல், சேமித்த மாவைக் குழந்தைகள் பச்சையாக அள்ளி வாயில் போடுவதிலும், வறுக்காமல் சேர்க்கும் மாவிலும் இருக்கிறது.

எலி நாடாப்புழு, ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா, எலியின் குடலில் 20 முதல் 60 செ.மீ. வரை வளரும். முட்டை புழுக்கையில் வரும். மூட்டை மேல் எலி ஓடினால் புழுக்கை மாவில் விழுகிறது, டிரைபோலியம் என்ற செம்பழுப்பு மாவு வண்டு அதைத் தின்கிறது, வண்டின் உடலுக்குள் லார்வா உருவாகிறது. அந்த வண்டை விழுங்கினால்தான் மனிதருக்கு வரும். சலித்தால் முழு வண்டு நிற்கும். உடைந்த துண்டும் சின்னப் புழுப்பருவமும் சல்லடைக் கண்ணில் இறங்கிவிடும். வண்டும் எலிப் புழுக்கையும் ஒன்றாகத் தெரிந்த மூட்டையைச் சலிக்காதீர்கள், கழித்துவிடுங்கள். புழுக்கை கண்ட மாவில் சிறுநீரும் இருக்கும், அதைச் சல்லடை பிரிக்காது.

வைக்கும் முறை: தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இரும்புச் சட்டம், சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி. சுவரோடு ஒட்டினால் எலி ஓடும் பாதை அதுதான், பின்பக்கம் யாரும் பார்க்கவும் முடியாது. பிரித்த மூட்டையை மூடி இறுகும் தகர டிரம்மில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் வாளியை எலி ஓர் இரவில் கடித்துத் துளைத்துவிடும், குறிப்பாக மூடியின் விளிம்பை. கிண்ணமும் கரண்டியும் டிரம்முக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விடக் கூடாது.

இதன் தம்பி ஹைமெனோலெபிஸ் நானா வேறு மாதிரி. 15 முதல் 40 மி.மீ. தான், ஆனால் இதற்கு நடு ஆள் கட்டாயம் இல்லை. முட்டை கையிலிருந்து வாய்க்கு நேரே போகும். ஒருவர் குடலுக்குள்ளேயே மறுபடி மறுபடி தொற்றிப் பெருகும். குழந்தையிடமிருந்து குழந்தைக்கு வரும் இதற்கு எலியை மட்டும் குறைசொல்ல முடியாது, நகத்தையும் கழிப்பறையையும் பார்க்க வேண்டும்.

மலப் பரிசோதனையில் இரண்டையும் பிரிப்பது சுலபம், அளந்தால். நானா முட்டை 30 முதல் 47 மைக்ரான், உள் உறையின் இரு முனையிலிருந்தும் மெல்லிய இழைகள் நீளும். டிமினூட்டா 70 முதல் 85 மைக்ரான், இழைகள் இல்லை. இரண்டிலும் ஆறு கொக்கி. அளவுகோல் பொருத்தாத நுண்ணோக்கியில் கண் மதிப்பாகச் சொன்னால் தவறும். ஒரே ஒரு மல மாதிரியை மட்டும் எடுத்துப் பார்த்து 'இல்லை' என்று எழுதுவதும் சரியில்லை. வேறு வேறு நாளில் மூன்று மாதிரி, ஃபார்மால்-ஈதர் முறையில் செறிவாக்கிப் பார்க்க வேண்டும்.

மருத்துவர்_வடகரை

மேலே சொன்னதோடு ஒன்று. பள்ளிக் குழந்தைகளுக்கு நாம் கொடுக்கும் வெர்மாக்ஸ் உருண்டைப் புழுவுக்கு நல்ல மருந்து, இந்த நாடாப்புழுக்களுக்கு நம்பத்தக்கதல்ல. 'மாத்திரை கொடுத்தாச்சே, ஏன் இன்னும் முட்டை வருது' என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். இவற்றுக்குப் பிராசிகுவான்டெல், உடல் எடையில் கிலோவுக்கு 25 மி.கி., ஒரே வேளை. 20 கிலோ குழந்தைக்கு 500 மி.கி. ஆனால் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். நம் மாகாணத்திலும் கிழக்குக் கேப்பிலும் பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டி மூளையில் உள்ளவர்கள் நிறைய. அப்படிப்பட்டவர் இந்த மருந்தை எடுத்தால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்_குமார்

எல்லாம் சரி ஐயா. ஆனால் எலி இல்லையென்றால் இத்தனையும் இல்லை. நத்தை, வண்டு, கரப்பான் என்று ஐந்தின் பின்னால் ஓடுவதைவிட ஒன்றைக் கொல்வது எளிது இல்லையா? வார்விக் சந்திப்புப் பக்கம் தெருவோரம் சின்னப் பொட்டலத்தில் விற்கும் கருப்புக் குருணை ஒரு கரண்டி வைத்தால் காலையில் ஐந்தாறு எலி கிடக்கும் என்கிறார்கள்.

பொறி_வலை

தம்பி, அந்தப் பொட்டலத்தைத் தொடாதே, வீட்டுக்குள் கொண்டு வராதே. தெருவில் விற்பது எலி மருந்தே இல்லை, வயலுக்கான பூச்சிக்கொல்லி. முன்பு ஆல்டிகார்ப் விற்றார்கள், அது 2012இல் தடையானது. பிறகு டெர்புஃபாஸ் வந்தது. 2024 அக்டோபரில் சொவேட்டோ நலேடியில் ஆறு குழந்தைகள் செத்தது இதனால்தான். 2025 ஜூனில் அமைச்சரவை அதைத் தடைசெய்ய ஒப்புதல் கொடுத்தது, ஆனால் தெருவில் கிடைக்கும் சரக்குக்கு லேபிளே கிடையாது. யாராவது விழுங்கிவிட்டால், எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், நடுக்கம், மூச்சுத்திணறல். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனை. நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777, இரவிலும் எடுப்பார்கள்.

இனி உன் கேள்வி. கொல்வதை முதல் வேலையாக வைத்தால் இரண்டு தவறு நடக்கும். எலி செத்து உடல் ஆறினதும் தெள்ளும் எலி உண்ணியும் வேறு சூடான உடலைத் தேடும். கூரைத் தட்டில் ஐந்து எலி செத்தால் கீழே படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். சுண்டெலி டைஃபஸ், டிரிப்பனோசோமா எல்லாம் தெள்ளோடு வருபவை. கொள்ளைநோயும் அப்படித்தான். 1904இல் ஜொஹானஸ்பர்கில் கொள்ளைநோய் வந்தபோது நம் இந்தியர்கள் குடியிருந்த இடத்தையே எரித்தார்கள், குப்பையை அள்ளாமல் விட்ட நகரசபை பழியைக் குடியிருந்தவர்கள் மேல் போட்டது. அதை நாம் மறக்கக் கூடாது.

இரண்டாவது, கேபிலேரியா. அதன் முட்டை எலியின் ஈரலுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், புழுக்கையில் வராது. எலி செத்து அழுகினாலோ, வேறு விலங்கு அதைத் தின்று கழித்தாலோதான் மண்ணுக்கு வரும். செத்த எலியைத் தோட்ட மூலையில் எறிந்துவிடுவது அந்தப் புழு எதிர்பார்க்கும் வேலையை நாமே செய்து கொடுப்பதாகும். மண்ணில் சில வாரம் கழிந்தால் முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வரும். மண் தின்னும் பழக்கமுள்ள குழந்தைக்கு ஆபத்து.

அதனால் வரிசை இது. முதலில் உணவை எடு. கறுப்புக் குப்பைப் பையை இரவே வெளியே வைக்காமல், வண்டி வரும் நாள் காலையில் வை. கோழித் தீனியை இருட்டுமுன் எடு. உதிர்ந்த மாம்பழம், அவகாடோவைப் பொறுக்கு. கோயில்_பணி ஐயா, புற்றுக்கு வைக்கும் முட்டையும் படையல் பழமும் இரவு முழுக்கக் கிடக்க வேண்டாம், பூசை முடிந்ததும் மூடிய தொட்டிக்குப் போகட்டும்.

அடுத்து ஓட்டை. 12 மி.மீ. இடைவெளியில் எலி நுழையும், 6 மி.மீ. இருந்தால் சுண்டெலி. கதவுக்கு அடியில் பென்சில் நுழைந்தால் சுண்டெலிக்கும் வழி இருக்கிறது. இரும்புப் பஞ்சை மட்டும் திணித்தால் நம் கடற்காற்றில் சில மாதத்தில் துருப்பிடித்து உதிரும். 6 மி.மீ. கண்ணுள்ள கால்வனைஸ் வலையை வெட்டி வைத்து அதன் மேல் சிமென்ட் கலவை பூசு. ஃபோம் ஸ்ப்ரேயை எலி கொறித்துப் போய்விடும்.

வளையில் எது உயிரோடு இருக்கிறது என்று தெரிய, 6 முதல் 9 செ.மீ. வாயுள்ள எல்லா வளையிலும் கசக்கின செய்தித்தாளை லேசாக அடை. மறுநாள் எது தள்ளப்பட்டிருக்கிறதோ அதில்தான் எலி. அந்த வாயில் பெர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் தூளைத் தூவு, லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். எலி போகும்போது உடம்பில் ஒட்டி உள்ளே எடுத்துப் போகும், தெள்ளு சாகும். மூன்று நாலு நாள் கழித்துப் பொறி.

பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி இருக்க வேண்டும். சுவருக்கு இணையாக வைத்தால் எலி தாண்டிப் போகும். எலிக்குப் புதிய பொருள் மேல் சந்தேகம், அதனால் மூன்று முதல் ஐந்து நாள் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு விடு. தின்னப் பழகினதும் எல்லாப் பொறியையும் ஒரே இரவில் ஏற்று. ஒன்றிரண்டு மட்டும் ஏற்றினால் தப்பினது கற்றுக்கொள்ளும். கடலை வெண்ணெய் கடலைப்பருப்பு அளவு போதும், அதிகம் வைத்தால் விசையைத் தொடாமல் நக்கிவிட்டுப் போகும்.

சாட்ஸ்வர்த்_குமார்

மெழுகுக் கட்டி மருந்து? கடையில் லேபிளோடு விற்பது?

பொறி_வலை

புரோடிஃபாகூம், புரோமாடியோலோன் உள்ளவை. ரத்தம் உறையாமல் செய்து 3 முதல் 10 நாளில் கொல்லும். அந்த நாட்களில் தள்ளாடும் எலியை ஆந்தையோ பூனையோ தின்றால் அதற்கும் விஷம் ஏறும். பூட்டுள்ள பெட்டிக்குள் கம்பியில் கோத்து வைத்தால் மட்டும் வை, தரையில் வீசாதே. எங்கே சாகும் என்று உன்னால் சொல்ல முடியாது, மேலே சொன்ன ஈரல் முட்டைச் சிக்கலும் இருக்கிறது. அதனால்தான் பொறியைச் சொல்கிறேன். பொறியில் செத்தது கையில் கிடைக்கும். கையுறை போட்டு, பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி எடுத்து, இரண்டாவது பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்.

பீனிக்ஸ்_வேணி

பூனை வளர்த்தால்? மருந்தும் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

மருத்துவர்_வடகரை

வளர்ந்த பழுப்பு எலியைப் பூனை அதிகம் தொடாது, குஞ்சைத்தான் பிடிக்கும். டாக்ஸோபிளாஸ்மா தொற்றிய எலிக்குப் பூனை வாசனையில் பயம் குறைந்துவிடுவது பரிசோதனைகளில் காணப்பட்டது. பிடிபடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட எலியாகவே இருக்கலாம். தின்ற பூனை சில வாரம் மலத்தில் முட்டைக்கூடு கழிக்கும். அது வெளியே வந்து 1 முதல் 5 நாள் ஆனால்தான் தொற்றும். அதனால் மணல் தட்டை தினமும் காலையில் சுத்தம் செய்தால் பெரும்பாலான ஆபத்து போய்விடும். கர்ப்பிணி அதைச் செய்யக் கூடாது. தோட்ட மண்ணைக் கிளறும்போது கையுறை. நம் ஊரில் நன்றாக வேகாத ஆட்டிறைச்சியும் இதற்கு ஒரு பெரிய வழி என்பதை மறக்க வேண்டாம்.

அடுப்படி_அம்மணி

அலமாரியில் புழுக்கை கிடந்தால் ஜிக் பிளீச் ஊற்றித் துடைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடும்தானே?

ஆய்வக_மேசை

எல்லாம் சாகாது அக்கா. பிளீச் பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும். எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா அதில் சாகும். வெள்ளம் வந்த நாட்களில், 2022 ஏப்ரல் போல, நம்மை அதிகம் அச்சுறுத்துவது புழு அல்ல, அந்தக் கிருமிதான். ஆனால் புழு முட்டையின் ஓடும் டாக்ஸோபிளாஸ்மாவின் கூடும் பிளீச்சைத் தாங்கும். அவற்றைக் கொல்ல வெப்பம் வேண்டும், அல்லது இடத்தை விட்டே அகற்ற வேண்டும்.

அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். துடைப்பம், வாக்குவம் இரண்டும் கூடாது, தூசி கிளம்பும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றைக்குக் கலந்தது, புழுக்கை நனையும்வரை மெதுவாக ஊற்றிப் பத்து நிமிடம் ஊறட்டும். தாளால் அள்ளி இரட்டைப் பையில் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, தாங்கும் பரப்பு என்றால் கொதித்த தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரங்களைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுங்கள். பிளீச்சோடு அமோனியா கலந்த திரவத்தையோ வினிகரையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

பொறி_வலை

நத்தைக்கு மருந்து வைப்பவர்களுக்கும் ஒரு சொல். மெட்டல்டிஹைட் உருண்டையை நாய் விரும்பித் தின்னும், வலிப்பு வந்து சாகும். இரும்பு பாஸ்பேட் உருண்டை நாய்க்கு ஆபத்து குறைவு. இரவில் டார்ச் எடுத்து, கையுறையோடு பொறுக்கி, உப்பு நிறையக் கரைத்த வாளியில் போட்டு மூடிவிடுவது அதைவிட நல்லது. நசுக்கிக் காலால் தேய்க்காதீர்கள்.

கோயில்_பணி

தண்ணீர் நிற்கும் நாட்களுக்காகக் கூரை மழைநீரை ஜோஜோ என்ற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறோம். கூரையில் எலியும் ஓடுகிறது, தொட்டி மூடியில் நத்தையும் ஊர்கிறது. அந்தத் தண்ணீரில் கை கழுவலாம், குடிக்கலாமா?

ஆய்வக_மேசை

குடிக்க வேண்டுமென்றால் கொதிக்க வைத்துத்தான். நத்தை தொட்டியில் விழுந்து மூழ்கினால் அதன் உடலிலிருந்து மூன்றாம் நிலை லார்வா வெளியேறித் தண்ணீரில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஹவாயில் மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் இது பெரிய பேச்சு. லார்வா ஏறக்குறைய அரை மி.மீ. நீளம், ஆனால் குறுக்களவு 25 மைக்ரான் அளவுதான், நெளிந்து நுழையும். அதனால் 20 மைக்ரான் வடிகட்டி மட்டும் போதாது. 20 முதலில், அதன் பின் 5 மைக்ரான். 5 மைக்ரானை முதலில் வைத்தால் இலைத்தூசியில் இரண்டு வாரத்தில் அடைத்துக்கொள்ளும், பிறகு யாராவது பொறுமையிழந்து கழற்றி வைத்துவிடுவார்கள். குளோரின் மாத்திரை இந்த லார்வாவுக்கு நம்பத்தக்கதல்ல.

தொட்டி மூடியின் காற்றுத் துளையிலும் வழிந்தோடும் குழாய் வாயிலும் 1 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை கட்டுங்கள். தொட்டியைத் தொடும் கொடி, கிளை எல்லாவற்றையும் வெட்டுங்கள், நத்தை ஏறும் ஏணி அதுதான். தொட்டியைச் சுற்றி நான்கு அங்குல அகலத்துக்குச் செம்புத் தகடு சுற்றினால் நத்தை பெரும்பாலும் தாண்டாது, பச்சைப்பாசி படிந்தால் துடைத்துவிட வேண்டும். முதல் மழையின் தண்ணீர் கூரைப் புழுக்கையைக் கழுவிக்கொண்டு வரும், அதைத் தொட்டிக்குள் விடாமல் திருப்பிவிடும் குழாய் கட்டாயம். அந்தக் குழாயின் அடிமூடியை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திறந்து காலி செய்யாவிட்டால் அடுத்த மழையில் பழைய அழுக்கு அப்படியே உள்ளே போகும். பூசைக் குடத்துக்கும் குடிநீர் அண்டாவுக்கும் தனிக் குழாய் வைத்து, வடிகட்டியை அந்த ஒரு குழாயில் மட்டும் மாட்டினால் செலவு பாதியாகும்.

கோயில்_பணி

5 மைக்ரான் உறை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

ஆய்வக_மேசை

நாளை வைத்துச் சொல்ல முடியாது ஐயா. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒரு அழுத்தமானி மாட்டுங்கள். புதிதாகப் போட்டபோது இருந்த வித்தியாசத்தை மூடியிலேயே எழுதி வையுங்கள். அது இரண்டு மடங்கானால் மாற்றுங்கள். மாற்றும்போது கூண்டின் ரப்பர் வளையத்தைத் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். வளையம் மடங்கி உட்கார்ந்தால் தண்ணீர் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விடும், மானியில் அது நல்ல அழுத்தம் போலவே காட்டும்.